தூங்கும் ஈழத்தலரிக்கு உரம் போடாதீர்கள்: குளிர்ப் பக்கத்தில் வளர்ப்போர் செய்யும் தவறுகள்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா வீட்டுத் தொழுவத்துச் சுவரோரம் ஓர் ஈழத்தலரி நிற்கிறது. அதற்கு யாரும் உரம் வைத்தோ, குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றியோ நான் பார்த்ததில்லை. தை பிறந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டு மான்கொம்பு மாதிரி மொட்டையாக நிற்கும். பங்குனியில் கொம்பு நுனியில் பச்சை எட்டிப் பார்க்கும். சித்திரை வெயிலில் தெருவே வாடிக் கிடக்க, இது மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளும். கள்ளிமந்தாரை, பெருங்கள்ளி என்றும் சொல்வார்கள். நர்சரியில் புளுமேரியா என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள்.

இதே மரத்தில் நடுவதற்கு வெட்டிய போத்தைக் குன்னூருக்குக் கொண்டுபோன என் தங்கை இரண்டு முறை அதை அழுக விட்டாள். இரண்டாம் முறை போனில் குரலே கம்மிவிட்டது. "அக்கா, நாள் தவறாமத் தண்ணி ஊத்தினேன். சாணி போட்டேன், புண்ணாக்கு போட்டேன். அப்படியும் போயிட்டு."

"ஏட்டி, அது தூங்கிக்கிட்டு இருந்த நேரத்துல எதுக்கு ஊத்துன?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. குளிரில்தான் செடி செத்தது என்று அவள் நினைத்திருந்தாள். குளிர்ப் பக்கம் இந்தச் செடியை வளர்க்கும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பெயரில் ஈழம் இருந்தாலும் இதன் தாய்வீடு ஈழமில்லை. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும்தான். 1646 முதல் 1704 வரை வாழ்ந்த பிரெஞ்சுத் தாவரவியலார் சார்ல்ஸ் ப்ளுமியே பெயரால் புளுமேரியா ஆனது. அந்தத் தாய்வீட்டில் அதற்குப் பழகிய காலம் இரண்டு: வெப்பமும் மழையும் சேர்ந்து வரும் காலம், மழையே எட்டிப் பார்க்காத வறண்ட காலம். வறட்சி தொடங்கினால் இலையை உதிர்த்துவிட்டு, தடித்த கொம்புக்குள் சேர்த்து வைத்த நீரைக் கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். குளிரும் ஈரமும் ஒன்றாக வரும் காலம் அதற்குத் தெரியாது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் வருவது அந்தத் தெரியாத காலம்தான்.

தண்ணீர்

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். பாளையங்கோட்டையில் அதே மாதத்து இரவு பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான். இரவு வெப்பம் 15 டிகிரியை நெருங்கும்போதே இந்தச் செடியின் வேர் சோம்பிவிடுகிறது. இலையும் இல்லாததால் தண்ணீரை மேலே இழுக்கவும் ஆளில்லை. ஊற்றிய தண்ணீர் அப்படியே மண்ணில் நிற்கும். குளிரில் மண்ணும் காயாது. அதில் பூஞ்சை ஏறி, வேர் அழுகி, அழுகல் கொம்பின் நடுச்சோற்றுக்குள் மேலேறும். வெளியே பார்த்தால் பட்டை நன்றாகவே இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கை வைத்தால் வேகவைத்த கிழங்கு மாதிரி அமுங்கும்.

இது மலைக்கு மட்டும் உரியதல்ல என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை எங்களுக்குக் காட்டியது. சிந்துபூந்துறையில் என் சித்தி வீட்டில் எட்டு ஈழத்தலரித் தொட்டிகள் தாமிரபரணி வெள்ளத்தில் நின்றன. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவவே நேரம் சரியாக இருந்தது, தொட்டியை யார் பார்ப்பது? பொங்கல் வரை செடிகள் கல் மாதிரி நின்றன. மாசியில் ஐந்து செடிகள் அடியிலிருந்து கூழாகிவிட்டன. மற்ற மூன்றையும் கத்தியால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்த்தோம். பழுப்பு வளையம் இல்லாமல், நடுச்சோறு வெள்ளையாக, பால் சொட்டும் இடம் வந்ததும் நிறுத்தி, அந்த மேல்கொம்பை மட்டும் நிழலில் காயவைத்து மறுபடி நட்டோம். மூன்றும் பிழைத்தன. சித்தி அழாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை வருவது பகல் குறுகிக்கொண்டே போகும் காலத்தில். பிசான நெல் நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டும் நாட்களில் ஈழத்தலரித் தொட்டிக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும், மழை படாத தாழ்வாரத்துக்கு நகர்த்த வேண்டும். தரையில் நிற்கும் மரம் செவல் மண்ணில், மேட்டில் நின்றால் கவலையில்லை. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நடுகிறவர்கள் மண்ணை இரண்டடி மேடாக்கித்தான் நட வேண்டும். மலைப் பக்கத்தில் கார்த்திகை முதல் மாசி வரை தொட்டிக்கு மாதம் ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் போதும், அதுவும் கொம்பு சுருங்கினால் மட்டும். சுருக்கம் என்பது தாகம், அமுங்கல் என்பது அழுகல். இரண்டையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அமுக்கித்தான் பார்க்க வேண்டும்.

உரம்

தங்கை வீட்டுச் செடி பூக்கவில்லை என்று ஓர் உரக்கடையில் கேட்டாளாம். "பூ வரணும்னா டிஏபி போடுங்கக்கா" என்று ஒரு கிலோவைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வேர் பிடிக்கவும் பூக்கவும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அதிகம் போட்டால் அதிகம் பூக்கும் என்பது இல்லை. டிஏபியில் 100 கிலோவுக்கு 18 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 46 கிலோ மணிச்சத்து. சாம்பல் சத்து (பொட்டாஷ்) கிடையாது. செடி எடுத்துக்கொள்ளும் மணிச்சத்து கொஞ்சம்தான். மீதி தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போய் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் தடுத்துவிடும். புதுக்கொழுந்து நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறி வரும். அதைப் பார்த்து உரம் பற்றவில்லை என்று இன்னும் ஒரு கை போடுவார்கள்.

பூக்காததற்கு நான் கண்ட காரணங்களில் உரக்குறை கடைசியில்தான் வரும். முதல் காரணம் வெயில். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் படாத இடத்தில் என்ன கொட்டினாலும் இலைதான் வரும். அடுத்தது வயது. விதையில் வந்த கன்று பூக்க மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். பிறகு, அழகுக்காக நுனியைக் கத்தரிப்பது. இந்தச் செடிக்குப் பூங்கொத்து வருவதே கொம்பு நுனியில்தான்.

தழைச்சத்து அதிகமானால் குளிர்ப் பக்கத்தில் வேறொரு கேடு உண்டு. யூரியாவோ பச்சைச் சாணமோ ஆவணி, புரட்டாசியில் போட்டால் கொம்பு நீளநீளமாக, கீரைத்தண்டு மாதிரி வளரும். அது முற்றுவதற்குள் பனி வந்துவிடும். முற்றாத நுனி கருத்துச் சுருங்கி, அங்கிருந்து அழுகல் கீழே இறங்கும். அதனால்தான் ஆடி கடைசியோடு உரத்தை நிறுத்து என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். நெல்லைச் சமவெளியில் புரட்டாசி நடு வரை போகலாம்.

மறுபடி தொடங்குவது எப்போது? காலண்டரைப் பார்க்க வேண்டாம். புது இலை உள்ளங்கை நீளம் வந்த பிறகு. அதுவரை வேர் விழித்திருக்காது, போட்ட உரம் உப்பாகத்தான் நிற்கும். ஓரடி அகலத் தொட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி 17:17:17 (மூன்று சத்தும் சமமாக உள்ள கலப்பு உரம்), விளிம்போரமாக. போடும் முன்னும் பின்னும் தண்ணீர். கரைத்து ஊற்றுவதென்றால் 19:19:19 லிட்டருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஏதாவது ஒன்றுதான், இரண்டும் சேர்த்து வேண்டாம்.

இயற்கை உரம்தான் வேண்டும் என்பவர்களிடம் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மலையில் அதன் கணக்கு வேறு. புண்ணாக்கும் எலும்புத்தூளும் நேரே வேருக்குப் போவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துக் கொடுக்க வேண்டும். குளிர்ந்த மண்ணில் அவற்றின் வேலை மந்தம். பாளையங்கோட்டையில் இரண்டு வாரத்தில் வேலை காட்டும் கடலைப் புண்ணாக்கு அங்கே ஈரத்தில் ஊறிப் பூசணம் பிடித்துக் கிடக்கும். பலன் தெரியவில்லையே என்று மேலும் போட்டால், சித்திரையில் வெப்பம் ஏறியதும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். நன்கு மக்கிய தொழு உரம் அல்லது பொடித்த ஆட்டுப் புழுக்கை, பங்குனியில் ஒரே ஒரு முறை இரண்டு கைப்பிடி. அங்கே அது போதும்.

தேயிலைத் தோட்ட மண்ணை அப்படியே தொட்டியில் அள்ளிப் போடுவதும் தவறு. தேயிலைக்குப் பிடித்த அந்த அமில மண் ஈழத்தலரிக்கு ஆகாது. கொஞ்சம் டோலமைட் தூள் கலந்தால் சரியாகும்.

போத்தும் தொட்டியும்

முருங்கைப் போத்து வெட்டிய கையோடு நட்டால் பிடித்துக்கொள்ளும். ஈழத்தலரிப் போத்தை அப்படி நட்டால் பால் வழியும் காயத்தின் வழியே அழுகல் புகுந்துவிடும். ஒன்று முதல் ஒன்றரை அடி நீளத்துக்கு, சாம்பல் நிறம் ஏறிய முற்றிய கொம்பாக எடுங்கள். இலையைக் கிள்ளிவிட்டு, மழை படாத நிழலில் இரண்டு வாரம் சாத்தி வையுங்கள். ஈரக்காற்று உள்ள மலையில் மூன்று வாரம். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நான்கு விரல்கடை ஆழத்தில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டிவிடுங்கள். நட்ட அன்று ஒரு முறை தண்ணீர். அப்புறம் இலை விரியும் வரை மேல் மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும். மாசி, பங்குனியில் வெட்டுவதுதான் நல்லது. ஐப்பசியில் வெட்டிக் கொடுப்பவர் சொந்தக்காரரே ஆனாலும் வாங்காதீர்கள்.

வெட்டும்போது கவனம். இது அரளியின் இனம். பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரிந்து தள்ளும். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள்.

தென்னை நார்க்கழிவு நிறைய கலந்த நர்சரி மண் சமவெளியின் வெயிலுக்குச் சரி, குளிருக்கு ஆகாது. பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைக்கும். செவல் மண் இரண்டு பங்கு, உடைத்த செங்கல்லும் பொடிக்கல்லும் சேர்ந்து இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. தொட்டி சிறிதாக, மண் தொட்டியாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் முழுக்க ஈரம் தேங்கும். தெற்குப் பார்த்த சுவரோரம் வைத்தால் மார்கழி வெயில் நேரே விழும், சுவர் வாங்கிய சூடு இரவில் செடிக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

வகையிலும் ஏமாறாதீர்கள். இலை நுனி வட்டமாக, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் வெள்ளைப்பூ வகை கண்ணுக்கு அழகு, ஆனால் குளிர் தாங்காது. இலை நுனி கூர்மையாக, குளிரில் மொட்டையாகிவிடும் வகைதான் மலைக்கு ஏற்றது. நம் ஊரில் பழைய வீடுகளில் நிற்பவற்றில் பல இந்தக் கூர் இலைதான்.

சாரல் ஊர்க்காரர்களுக்கு

தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் பனி இல்லை. ஆனால் ஆனியிலிருந்து ஆவணி வரை சாரலும் மேகமூட்டமும். இலஞ்சியில் எங்கள் அத்தை வீட்டு மரத்தில் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தட்டியிருந்தது. துரு நோய். "உரம் பத்தலைன்னு நெனச்சேன்" என்றார் அத்தை. இலை கொட்டக் கொட்ட உரம் போட்டிருக்கிறார். அது வெறும் பூஞ்சைதான். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி, கீழே விழுந்தவற்றையும் பொறுக்கி எரித்துவிட்டோம். நெருக்கமாக நின்ற வாழையைத் தள்ளி நட்டு, காற்று போக வழி செய்தோம். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வெயில் இல்லாத நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தோம். அடுத்த சாரலில் வந்தது, ஆனால் பாதிகூட இல்லை.

தங்கையின் மூன்றாவது போத்து போன பங்குனியில் நட்டது. இப்போது ஐந்து இலையோடு தெற்குச் சுவரோரம் நிற்கிறது. "இலை மஞ்சளாகுதுக்கா, தண்ணி ஊத்தட்டா?" என்று நேற்றுக் கேட்டாள். இரவில் எத்தனை டிகிரி என்று கேட்டேன். பதினான்கு என்றாள். தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் தள்ளி வைக்கச் சொன்னேன்.