ஒரே போன், ஒரு பை துணி: பிள்ளைகளோடு ஸ்டாப் மோஷன் படம் எடுப்போம்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு பை, ஒரு ஸ்மார்ட்போன், இரண்டு பெஞ்சு இருந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே அனிமேஷன் படம் எடுத்துவிடுவார்கள். பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டால் அதுவே அசைவதுபோலத் தெரியும். அதுதான் ஸ்டாப் மோஷன்.

முதல் நாள் போனை வெளியே எடுக்காதீர்கள். கதைதான் முதலில். "மெதுவா மாறுற எதையாவது வீட்ல பாத்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். கன்றுக்குட்டியைச் சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கும். காங்கேயம் மாட்டுக் கன்று பிறக்கும்போது செவலை, அதாவது செம்பழுப்பு. ஏறக்குறைய 6 மாதத்தில் மயிலையாகிவிடும், அதாவது சாம்பல் நிறம். ஸ்டாப் மோஷனுக்கென்றே அமைந்த கதை! ஏன் நிறம் மாறியது? மழையில் சாயம் போனதா, நிலா வந்து நக்கியதா? காரணத்தைப் பிள்ளைகளே கட்டட்டும். நாம் எடுத்துக் கொடுத்தால் வகுப்பு முழுக்க ஒரே கதைதான் வரும். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று படம் நோட்டில் வரைந்தால் போதும்.

அடுத்து, போனில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலியை ஏற்றுங்கள். இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும். இரண்டு பெஞ்சுக்கு நடுவே போன் அகலத்தைவிடக் குறைவாகச் சந்து விட்டு, கேமரா கீழே பார்க்கும்படி போனைக் கிடத்துங்கள். ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்து போன் அசைந்தால் படம் குதிக்கும். ஜன்னல் வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறும், அதனால் ஜன்னலைச் சாத்தி டியூப்லைட் போடுவது நல்லது.

தரையில் சார்ட் விரித்து, செவலைத் துணித் துண்டுகளால் கன்றை அடுக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டை எடுத்துவிட்டுச் சாம்பல் துண்டு வை, கையை விலக்கு, கிளிக். மறுபடி ஒரு துண்டு. முந்தைய படம் மங்கலாகத் தெரியும் வசதி செயலியில் உண்டு. வால் எவ்வளவு நகர்ந்தது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். நொடிக்கு 5 படம் என்று வைத்தால் 10 நொடிக்கு 50 கிளிக். நான்கு பேர் ஒரு குழு. கிளிக் வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான்.

அப்புறம் குரல். "உன்ற செவலை எங்க போச்சு கண்ணு?" என்று பிள்ளை பேசினால் அப்படியே பதியுங்கள். தயவுசெய்து திருத்த வேண்டாம். வீட்டுப் பேச்சில்தான் கதை தடையில்லாமல் வரும்.

சரி, வீடியோவாகச் சேமித்து, பெற்றோர் வரும் நாளில் போட்டுக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால், பிள்ளைகளின் பெயரைப் போடுமுன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.