பூட்டுவது சரி, சாவி எங்கே? லேப்டாப் என்க்ரிப்ஷனில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகும் காலை ரயிலில் பாருங்கள். பை மேல்பலகையில் கிடக்கும், பிள்ளை வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருப்பான். இறங்கும்போது பையைக் காணோம் என்றால் லேப்டாப் விலை ஒரு நஷ்டம். உள்ளே கிடக்கும் ஆதார் ஸ்கேன், பாஸ்புக் நகல், வீட்டுப் படங்கள் இன்னொரு நஷ்டம். டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்வது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டுவது, இந்த இரண்டாவதற்காக. மாணவருக்கு அது தேவைதான். ஆனால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் லேப்டாப்பைப் பார்த்துக் கொடுக்கிற என்னிடம் வருகிறவர்களில், திருட்டுக் கொடுத்தவர்களைவிடத் தாமே பூட்டிக்கொண்டு வெளியே நிற்பவர்கள்தான் அதிகம்.

"விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டிருக்கேனே" என்பார்கள். என்க்ரிப்ஷன் இல்லாவிட்டால் அது வெறும் படல். லினக்ஸ் உள்ள பென்டிரைவில் பூட் செய்தாலோ, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ எல்லா ஃபைலும் திறக்கும். என்க்ரிப்ஷன் இருக்கிறதே என்று எளிதில் ஊகிக்கக்கூடிய பின் நம்பர் வைப்பதும் தவறு. விண்டோஸில் பெரும்பாலும் ஆன் செய்தவுடன் டிஸ்க் தானாகவே திறந்துகொள்ளும். அப்புறம் காவலுக்கு நிற்பது அந்தப் பின் நம்பர் மட்டும்தான்.

பெரிய தவறு ரெகவரி கீயில், அதாவது டிஸ்க் தானாகத் திறக்காதபோது கேட்கப்படும் மாற்றுச் சாவி எண்ணில். கும்பகோணத்துப் பையன் ஒருவன், படிப்பு முடித்து ஆறு மாதம் ஆனவன். லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை, சர்வீஸில் மதர்போர்டு மாற்றினார்கள். டிஸ்கைத் திறக்கும் சாவி பழைய போர்டிலிருந்த டிபிஎம் என்ற, சாவியைக் காக்கும் சிப்போடு போய்விட்டது. நீலத் திரை 48 இலக்க எண்ணைக் கேட்டது. முதன்முதலில் கல்லூரி கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்ததால் எண் அங்கேதான் சேமிப்பாகியிருந்தது. அந்தக் கணக்கையோ கல்லூரி மூடிவிட்டது. ஃபார்மட் செய்வதைத் தவிர வழியில்லை. இவ்வளவுக்கும், என்க்ரிப்ஷன் என்ற ஒன்று ஓடுவதே அவனுக்குத் தெரியாது.

பலருக்கும் தெரியாது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். ஆன் என்றிருந்தால் உங்கள் கணக்கில் சேமிப்பாகியிருக்கும் 48 இலக்கத்தையும், அது எந்தப் பூட்டுக்கு உரியது என்று காட்டும் கீ ஐடியையும் தாளில் எழுதி, மார்க் ஷீட் இருக்கும் பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைக்கிறவர்களும் உண்டு, என்னத்தைச் சொல்ல! பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட்டுக்கும் சர்வீஸுக்கும் முன்னால் அந்தத் தாள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் லக்ஸ் என்ற டிஸ்க் பூட்டு வைத்திருப்பவர்கள் வெளியூர் போகும்போது மூடியை மட்டும் மூடாமல் ஷட்டவுன் செய்ய வேண்டும். ஸ்லீப்பில் சாவி மெமரியிலேயே இருக்கும். வேகம் குறையுமோ என்ற பயம் வேண்டாம், இப்போதைய பிராசசர்களில் இதற்கென்றே வசதி உண்டு. வைரஸை இது தடுக்காது.

பேக்கப்புக்கும் இது மாற்று இல்லை. 2018-இல் வந்த கஜா போல ஒரு புயலில் டிஸ்க் நனைந்து கெட்டால், என்க்ரிப்ட் ஆன டிஸ்கிலிருந்து எதையாவது மீட்பது இன்னும் கஷ்டம். அதனால் வெளி டிஸ்கில் ஒரு நகல் வேண்டும், அதையும் பூட்ட வேண்டும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் அதன் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் பென்டிரைவைப் பூட்ட முடியாது. வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருள் இலவசம், அது போதும். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகிற பென்டிரைவ் மட்டும் தனியாக, பிரிண்ட் எடுக்க வேண்டியதைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருக்கட்டும்.