நாய்க்கு இருமல், பூனைக்கு இளைப்பு: நாம் கோட்டைவிடும் இடங்கள்

எங்கள் வீட்டுப் பூனை இரண்டு மாதமாக அடிக்கடி தரையோடு தரையாகக் குனிந்து, கழுத்தை முன்னால் நீட்டி, 'ஹக்... ஹக்' என்று எதையோ வெளியே தள்ளப் பார்க்கும். "முடி உருண்டை, தானா வந்துடும்" என்று விட்டுவிட்டோம். ஒரு தடவைகூட முடி வந்து விழவில்லை. அது ஏன் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் டாக்டர்தான் கேட்டார்: "அப்படிப் பண்ணி முடிச்சதும் எதையாவது கக்குதா, இல்ல எச்சிலை முழுங்கிட்டுப் போயிடுதா?" முழுங்கிவிட்டுத்தான் போகும். வாந்தி என்றால் வயிறு சுருங்கிச் சுருங்கி விரியும், ஏதாவது வெளியே வரும். இது இருமல். பூனைக்கும் ஆஸ்துமா உண்டு என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பூனை, நாய் வளர்க்கும் நண்பர்களைக் கவனித்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறோம். சத்தம் வந்தால் பதறுகிறோம், இல்லாவிட்டால் எதுவும் இல்லை என்று இருந்துவிடுகிறோம். மூச்சை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நன்றாகத் தூங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30 தடவைக்குள்தான் மூச்சுவிடும். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விளையாடி முடித்த நாயையும், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டிருக்கும் நாயையும், சுகத்தில் குர்குர் என்றபடி மடியில் கிடக்கும் பூனையையும் எண்ணிவிட்டுக் கலங்க வேண்டாம். கனவில் கால் உதறும்போதும் எண்ண வேண்டாம். ஒரு வாரம் எண்ணி காலண்டரில் குறித்துவைத்தால் உங்கள் பிள்ளையின் வழக்கமான கணக்கு தெரிந்துவிடும். தூக்கத்திலும் அந்த எண் 30-ஐத் தாண்டியே நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு இருக்கும் நாய்க்கு நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த எண்தான்.

பூனையிடம்தான் இன்னும் கவனம் வேண்டும். நெஞ்சுக்கூட்டில் நீர் சேர்ந்த பூனையும், இதயம் செயலிழந்த பூனையும் பெரும்பாலும் இருமாது. பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும். ஒருக்களித்துப் படுக்காமல் முழங்கையை விரித்து, நெஞ்சைத் தாழ்த்தி, குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். "வெயிலுக்குச் சோர்வா இருக்கு" என்று நாம் விளக்கம் சொல்லிக்கொள்வோம். பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சுவிட்டால், அது இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டிய சமயம். ஓடிப்பிடித்து விளையாடிய பிறகோ, ஆட்டோவில் பயந்துபோயோ சில நிமிடம் அப்படிச் செய்துவிட்டு அடங்கினால் மட்டும் விதிவிலக்கு.

நாய் விஷயத்தில் நேர் எதிர், சத்தம்தான் நம்மை ஏமாற்றும். கொக்கரிப்பது போல இருமி, கடைசியில் வெள்ளை நுரையைக் கக்கினால், "எலும்பு மாட்டிக்கிச்சு" என்று வாய்க்குள் விரலை விட்டுவிடுகிறோம். நிஜமாகவே அடைத்திருந்தால் திடீரென்று தொடங்கும். எச்சில் வடிய, முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டே இருமும் நாய் என்றால், போன இரண்டு வாரத்துக்குள் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விட்டீர்களா, வேறு நாய்களோடு பழகியதா என்று யோசியுங்கள். கென்னல் காஃப் எனும் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே சமயம், தடுப்பூசி போடாத குட்டி இருமுகிறது, கண்ணிலும் மூக்கிலும் சளி கட்டுகிறது, காய்ச்சலும் அடிக்கிறது என்றால் 'சளிதானே' என்று காத்திருக்கக் கூடாது. டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் இப்படித்தான் தொடங்கும், வலிப்பு பிறகு வரும்.

பொமரேனியன் வாத்து மாதிரிக் கத்தி இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கே கழுத்துக் காலரைக் கழற்றிவிட்டு, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் மாட்டுங்கள். வயதான லாப்ரடாரின் குரைப்பு கரகரத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் அது வயதின் குரல் இல்லை, குரல்வளை செயலிழக்கும் அறிகுறி. சித்திரை வெயிலில் அதை நடக்கக் கூட்டிப்போனால் உயிருக்கே ஆபத்து. தட்டை மூஞ்சி பக் நாய் குறட்டை விடுவதை வேடிக்கை என்று ரசிக்கிறோம். உண்மையில் அது குறுகிய மூக்குத் துவாரத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது. நாய் நின்ற இடத்தில் கழுத்தை நீட்டி மூக்கால் 'க்ர்ர், க்ர்ர்' என்று ஒரு நிமிடம் உள்ளிழுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வாலாட்டினால் மட்டும் நிம்மதியாக இருக்கலாம். அது தலைகீழ்த் தும்மல்.

"இளைக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. உள்ளே இழுக்கும்போது சத்தமா, வெளியே விடும்போது வயிற்றை அழுத்தித் தள்ளுகிறதா? முதலாவது மூக்கிலோ தொண்டையிலோ தடை என்று காட்டும். இரண்டாவது ஆஸ்துமா மாதிரி சிறு குழாய்கள் சுருங்கியதைக் காட்டும். சத்தமே இல்லாமல் வேகமாக, மேலோட்டமாக விட்டால் நுரையீரலையோ அதைச் சுற்றிய நீரையோ சந்தேகிப்பார்கள். இதையெல்லாம் வார்த்தையில் சொல்வதைவிட 15 விநாடி மொபைல் வீடியோ மேல். மேசைமேல் ஏறியதும் எந்த நாயும் இருமிக் காட்டாது.

ஈறு நீலமாகட்டும் என்று காத்திருப்பதும் தவறு. நீலம் கடைசியில்தான் வரும். ரத்தசோகை முற்றிய நாய்க்கு வராமலே போகலாம். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து, ஈறு வெளுத்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் நாயின் நுரையீரல் சுத்தமாக இருக்கும். அதற்கு இருமல் மருந்து ஊற்றிப் பயனில்லை.

ஊற்றுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூனைக்கு பாராசிட்டமால் விஷம். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். நாம் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். விளக்கெண்ணெயையோ நெய்யையோ வலுக்கட்டாயமாகப் புகட்டினால், இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் வழுக்கிப் போய் நிமோனியா ஆகலாம். பூனைக்குட்டியைக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு பாலாடையில் பால் புகட்டுவதும் அதே ஆபத்துதான். குப்புற, தாயிடம் குடிக்கும் வாக்கில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

கிளினிக்கில் "ஏன் இன்னும் எக்ஸ்ரே எடுக்கல?" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போட்டேன். மூச்சு திணறும் பூனையை மல்லாக்க அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தால் அங்கேயே உயிர் போகலாம். முதலில் ஆக்ஸிஜன், அமைதி. நெஞ்சில் நீர் இருந்தால் ஊசியால் எடுப்பது நோயையும் சொல்லும், மூச்சையும் விடவைக்கும். படம் பிறகு எடுக்கலாம். அந்தப் படம் தெளிவாக வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது.

எங்கள் பூனைக்கு முதலில் மாத்திரை, இப்போது சின்ன முகமூடி வைத்த இன்ஹேலர். பத்து மூச்சு எண்ணும்வரை பிடித்தால் போதும், முறைத்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறது. கொசுவர்த்தியும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதன் அறைப்பக்கம் போவதில்லை, அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். நேற்று இரவு எண்ணியது 22.