600 வருஷ யுனிவர்சிட்டின்னு சொன்னா எப்படி செக் பண்றது? லூவன வச்சு சொல்றேன்

பர்கூர், ஓசூர், தருமபுரி பக்கம் இன்ஜினியரிங் முடிச்சுட்டு மாஸ்டர்ஸுக்கு யூரோப் போகணும்னு இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. கன்சல்டன்சில போய் உக்காந்தாலே "600 வருஷ பழைய யுனிவர்சிட்டி"ன்னு ஒரு நோட்டீஸ நீட்டுவாங்க, வீட்ல அப்பா அம்மாவும் அதுலயே அசந்துடுவாங்க. அந்த 600 வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாருங்க, அதுக்கு பெல்ஜியத்துல இருக்கிற கே.யூ. லூவன எடுத்துக்கலாம்.

முதல்ல ஆரம்பிச்ச வருஷத்த பாருங்க, அதோட நடுவுல மூடினாங்களான்னும் தேடுங்க. லூவன் 1425ல போப் அஞ்சாம் மார்ட்டின் அனுமதில ஆரம்பிச்சது, உடற்கூறியல மாத்தி எழுதின வெசாலியஸ், உலக மேப் போட்ட மெர்கேட்டர் எல்லாம் படிச்ச இடம். ஆனா 1797ல பிரெஞ்சு ஆட்சி அத இழுத்து மூடிடுச்சு. 1817ல டச்சு ராஜா அதே ஊர்ல ஒரு அரசு யுனிவர்சிட்டி திறந்தாரு, 1834ல பிஷப்புங்க வேற ஊர்ல புதுசா ஒரு கத்தோலிக்க யுனிவர்சிட்டி ஆரம்பிச்சு அடுத்த வருஷம் லூவனுக்கு கொண்டு வந்தாங்க, இப்ப இருக்கிறது அதோட வழி தான். நம்ம கிருஷ்ணகிரி தோப்புல ஒட்டுக்கட்டின மாமரம் மாதிரி, வேர் பழசு, காய்க்கிற கிளை வேற. 1425ன்னு போடுறது பொய்னு நான் சொல்லல, ஆனா அத மட்டும் நம்பி லோன் போடாதீங்க.

அடுத்து எந்த மொழில பாடம், அதுக்கு என்ன கதைன்னு பாருங்க. எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இது தான், 1965 மொழிப்போராட்டம் தெரிஞ்ச நமக்கு இது சட்டுனு புரியும். லூவன் பெல்ஜியத்துல டச்சு பேசுற பகுதியான ஃப்ளாண்டர்ஸ்ல இருக்கு, ஆனா பிரெஞ்சு பேசுறவங்க கை ரொம்ப காலமா ஓங்கியிருந்துச்சு, டச்சு மாணவர்கள் தெருவுல இறங்கி போராடி 1968ல பெல்ஜியம் கவர்ன்மென்ட்டே கவுந்துச்சு. யுனிவர்சிட்டி ரெண்டா பிரிஞ்சுது, பிரெஞ்சு பக்கம் லூவேன்-லா-நுவ்னு புதுசா ஒரு ஊரே கட்டி போயிட்டாங்க, லைப்ரரி புத்தகங்கள கூட ஒத்தப்படை ரெட்டப்படை நம்பர் பாத்து பங்கு போட்டாங்க. (அந்த லைப்ரரி 1914லயும் 1940லயும் போர்ல எரிஞ்சு திரும்ப கட்டினது, நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.) அதனால இன்னிக்கு கிட்டத்தட்ட ஒரே பேர்ல ரெண்டு யுனிவர்சிட்டி இருக்கு, ரெண்டுமே 1425ன்னு சொல்லும். ஆஃபர் லெட்டர்ல எது, எந்த ஊருன்னு பாத்துக்கோங்க. லூவன்ல பேச்சிலர்ஸ் பெரும்பாலும் டச்சுல தான், மாஸ்டர்ஸ்ல இங்கிலீஷ் கோர்ஸ் நிறைய இருக்கு.

இப்ப மதிப்பு எப்படின்னா, ரேங்க் லிஸ்ட்ல உலக அளவுல முதல் 100க்குள்ள வருது, ராய்ட்டர்ஸ் போட்ட யூரோப் இன்னோவேஷன் லிஸ்ட்ல 2016 முதல் 2019 வரைக்கும் முதலிடம். ஆனா ரேங்க் மொத்த யுனிவர்சிட்டிக்கு, நீங்க படிக்கப்போறது ஒரு டிபார்ட்மென்ட்ல. ஓசூர்ல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பாத்து வளர்ந்த பசங்க சிப் டிசைன் படிக்கணும்னா லூவன் நல்ல இடம், ஏன்னா 1984ல ஆரம்பிச்ச ஐமெக்ங்கிற சிப் ஆராய்ச்சி மையம் அந்த ஊர்லயே இருக்கு, யுனிவர்சிட்டியோட சேர்ந்தே வேலை பாக்குது. உங்க கோர்ஸ் பேஜ்ல யாரு பாடம் எடுக்குறாங்கன்னு பேர எடுத்து கூகுள் ஸ்காலர்ல போடுங்க, கடைசி அஞ்சு வருஷம் என்ன பேப்பர் வந்திருக்குன்னு பாருங்க, பழைய பெரிய பேரு எதுவும் உங்க கிளாஸுக்கு வந்து நிக்காது.

கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கான்னு என்.வி.ஏ.ஓ. சைட்ல தேடலாம், ஃப்ளாண்டர்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் அவங்க தான் பாக்குறாங்க. திரும்பி வந்து கவர்ன்மென்ட் வேலைக்கோ காலேஜ் வேலைக்கோ போற ஐடியா இருந்தா இந்தியால ஈக்விவலன்ஸ் சர்டிபிகேட் (வெளிநாட்டு டிகிரி இங்க உள்ள டிகிரிக்கு சமம்னு தர்ற சான்று) கேப்பாங்க, அதுக்கு என்ன ரூல்னு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே விசாரிங்க.