தபால் ஸ்ட்ரைக் வருதா? சங்கத்தின் புதிய கிளைச் செயலாளர்கள் இப்போதே தொடங்க வேண்டிய வேலைகள்

ஆலை என்றால் ஒரு கேட் இருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே நின்று பேசினால் சேதி எல்லோருக்கும் போய்விடும். நமக்கு அந்த வசதி கிடையாது. திருவையாறு பக்கம் ஒருவர், பாபநாசம் தாண்டி வாய்க்கால் கரையில் ஒருவர், வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டி ஒருவர் என்று ஒவ்வொரு கிளை அஞ்சலகத்திலும் ஒன்றிரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஸ்ட்ரைக் அன்று காலையில் இவர்கள் தனியாகத்தான் முடிவெடுக்கப் போகிறார்கள், அதுவும் மேலிருந்து போன் வரும் நேரத்தில். அதனால் தயாரிப்பு என்பது மேடைப் பேச்சு இல்லை, ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே நேரில் போய் உட்கார்ந்து பேசுவதுதான்.

முதல் வேலை: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். பெயர், எந்தக் கிளை, எந்தத் துணை அஞ்சலகத்தின் கீழ், போன் நம்பர், வீட்டில் இன்னொருவருடைய நம்பர். அப்புறம் யாருமே எழுதாத சில விஷயங்கள்: நகைக்கடன் தவணை எந்தத் தேதி, வீட்டில் யாருக்காவது தொடர் சிகிச்சை இருக்கிறதா, ஓய்வுக்கு எவ்வளவு நாள் பாக்கி, வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம். இந்த நோட்டு உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸப்பிலும் போடக் கூடாது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஆன்லைனில் ஆள் எடுக்கத் தொடங்கியதிலிருந்து வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே கிளை அஞ்சல் அதிகாரி (பி.பி.எம்.), உதவிக் கிளை அஞ்சல் அதிகாரி (ஏ.பி.பி.எம்.) ஆக வந்திருக்கிறார்கள். வாடகை அறை, சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை, ஸ்ட்ரைக் என்பதையே இப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். அவர்களிடம் முதலில் போங்கள். "தோழர், வேலை போயிடுமா?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். என்னென்ன நடக்கலாம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

சட்டம், தேவையான அளவுக்கு

நிரந்தர ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகளில் 7-ஆவது விதி வேலைநிறுத்தத்தையே தடை செய்கிறது. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை, அந்த நாளை டயஸ்-நான் (பணிக்காலத்தில் சேராத நாள்) என்று பதிவும் செய்வார்கள்.

பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் தபால் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது, நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் ஸ்ட்ரைக்கில் இறங்கக் கூடாது என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த 14 நாள் உண்டு, நோட்டீஸ் 60 நாளுக்குத்தான் செல்லும், சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து 7 நாள் வரையிலும் இறங்கக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக்தான். "லீவு போட்டுட்டா யாரும் கேக்க முடியாது" என்கிற பெரியவர்களிடம் இதைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் கொடுப்பது மேல்மட்டச் சங்கத்தின் வேலை. உங்கள் வேலை அதன் நகலை வாங்கித் தேதியைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது. கோபத்தில் ஒரு அஞ்சல் கோட்டம் மட்டும் முன்னாலேயே இறங்கினால், சட்டவிரோத ஸ்ட்ரைக்குக்குப் பதிலடியாக அறிவிக்கும் கதவடைப்பு சட்டவிரோதம் ஆகாது என்ற பிரிவு நிர்வாகத்துக்குக் கைகொடுக்கும்.

கதவடைப்பு நமக்கு வருமா? கனடாவில் 2011 ஜூனில் தபால் சங்கம் ஊர் ஊராக மாற்றி மாற்றி ஸ்ட்ரைக் செய்தது, பத்துப் பன்னிரண்டு நாளில் நிர்வாகம் நாடு முழுக்கக் கதவடைத்துவிட்டது. இங்கே பல கிளை அஞ்சலகங்கள் பி.பி.எம். கொடுத்த இடத்தில், சில ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கின்றன, அங்கே வந்து யார் பூட்டுவது! தபால் பை வராமல் போகலாம், லாகின் திறக்காமல் போகலாம். அப்படி நடந்தால் வழக்கமான நேரத்துக்குப் போய் உட்காருங்கள், நேரத்தைக் குறித்து, வேலைக்குத் தயாராக இருந்தேன் என்று அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்.

காசு

2018 மே 22-இல் தொடங்கிய, பி.பி.எம். போன்ற கிராமிய அஞ்சல் ஊழியர்களின் (ஜி.டி.எஸ்.) வேலைநிறுத்தம், ஜூன் 6-இல் அமைச்சரவை ஊதிய உயர்வுக்கு ஒப்புதல் கொடுக்கும் வரை நீண்டது, 16 நாள். அப்போது பி.பி.எம்.முக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மாத அடிப்படையான 12,000 ரூபாயை வைத்துப் பார்த்தாலே 16 நாளுக்கு 6,400 ரூபாய் போகும், பஞ்சப்படி தனி. இந்தக் கணக்கை ஒவ்வொருவர் வீட்டிலும் போட்டுக் காட்டுங்கள், வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ பக்கத்தில் இருக்கும்போதே. குழுக் கடன், சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கிளை நிதி திரட்டுவதானால் இப்போதே தொடங்குங்கள், ரசீதோடு. யாருக்கு முதலில் உதவி என்பதையும் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரைக் முடிந்தபின் சண்டை அதில்தான் வரும்.

முந்தின நாள்: கணக்கை முடிப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டதற்காக வரும் நடவடிக்கையைச் சங்கம் பேசித் தீர்க்கலாம், கையிருப்பு குறைகிறது என்று ஒரு புகார் வந்துவிட்டால் பேசவே இடம் இருக்காது. அன்றைய கிளை அஞ்சலகக் (பி.ஓ.) கணக்கை முழுசாக முடியுங்கள். கூடுதல் பணத்தை அக்கவுண்ட் ஆபீஸுக்கு (உங்கள் கிளையின் கணக்கைப் பார்க்கும் அஞ்சலகம்) அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். மீதிப் பணம், தபால் தலை, பட்டுவாடா ஆகாத பதிவுத் தபால், சாதனம், முத்திரை எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தேதியோடு கையெழுத்திட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்குக் கட்டிடும்மா" என்று யாராவது ஆர்.டி. பணத்தையோ செல்வமகள் பணத்தையோ நீட்டினால், அன்று கணக்கில் ஏற்ற முடியாதென்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஊர் ஜனங்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, இந்த மூன்று இடத்தில் எழுதி ஒட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். எதற்காக ஸ்ட்ரைக் என்று நாலே வரி, பணம் எடுப்பவர்கள் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று ஒரு வரி.

அந்த நாள்

ஒருவருக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், காலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் போன் போய்விட வேண்டும். "ஸ்ட்ரைக் வாபஸ்" என்று முந்தின ராத்திரி ஒரு ஃபார்வேர்டு கட்டாயம் சுற்றும். கோட்டச் செயலாளர் குரலில் கேட்டால் ஒழிய நம்ப வேண்டாம் என்று முன்பே பேசி வையுங்கள். வேலைக்குப் போகிறவரை மறிக்காதீர்கள், பையில் கை வைக்காதீர்கள். அதிகாரி போனில் மிரட்டினால் "எழுத்தில் கொடுங்க சார்" என்று ஒரே வாக்கியம், அதோடு வைத்துவிடலாம்.

திரும்பும் நாள்

சேர்ந்த நேரத்தை எழுத்தில் கொடுங்கள், பட்டியலை வைத்துப் பணத்தையும் தபாலையும் சரிபாருங்கள், சீல் கலைந்திருந்தால் தொடும் முன்னே தகவல் சொல்லுங்கள். அடுத்த சம்பளம் வந்ததும் பிடித்த நாட்களை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் கூடுதலாகப் பிடித்திருந்தால் அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்துப் போனால் ஃபைலையே காணோம் என்பார்கள்.