"வேணாம்டா" என்று சொல்லப் பழக்குவது எப்படி?

புகையிலை, போதைப்பொருளை யாராவது நீட்டினால் மறுக்கப் பழக்கும் பாடம் இது, ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஒரு பீரியட், கொஞ்சம் துண்டுச்சீட்டு போதும். புற்றுநோய் வந்த வாயைத் திரையில் காட்டுவது எனக்குப் பிடிக்காது. "ச்சீ" என்பார்கள், மணியடித்ததும் மறந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய டேர் (D.A.R.E.) என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பெடுத்தார்கள். பெரிய பலனில்லை என்று ஆய்வுகள் சொல்ல, 2009இல் பாடத்தையே மாற்றினார்கள். புதுப் பாடத்தின் நான்கு வழிகளைத்தான் நானும் சொல்லித்தருகிறேன்: மறு, காரணம் சொல், அந்தப் பக்கம் போகாதே, கிளம்பிவிடு.

படி 1: "யார் கொடுப்பாங்க?" என்று கேளுங்கள். "கெட்டவங்க சார்" என்று பதில் வரும். நீட்டப்போவது பெரும்பாலும் கூடப் படிக்கிற நண்பன்தான்; அதுவும் கஞ்சாவாக இருக்காது, உதட்டுக்குள் அடக்கும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலமாக இருக்கலாம்.

படி 2: அந்த நண்பன் என்ன சொல்லி நீட்டுவான் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

படி 3: இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும். இங்கேதான் எல்லாம் சொதப்பும். முதல் தடவை "வேணாம்டா" கணீரென்று வரும். கேட்டவனும் விட்டுவிடுவான், வகுப்பு கைதட்டும். நிஜத்தில் யார் அப்படி விடுகிறார்கள்? ஆகவே நீட்டுகிறவன் மூன்று முறை வற்புறுத்தியே ஆக வேண்டும்: "ஒரே ஒரு தடவைடா", "பயமா?", "அப்ப நீ என் ஃபிரெண்டே இல்ல". மூன்றாவதில் நிறையப் பேர் சிரித்து மழுப்புவார்கள். அங்கே நிறுத்தி, பதிலை வகுப்பிடமே கேளுங்கள். ஒரு பையன் சொன்னது: "ஃபிரெண்டுதான்டா, அதுக்காக இது வேணாம். கிரவுண்டுக்குப் போறேன், வரியா?" நீளமான காரணம் சொல்ல விடாதீர்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் அவனிடம் எதிர்வாதம் இருக்கும்.

படி 4: "யாராவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?" என்று வகுப்பில் கேட்கவே கூடாது. தனியே வந்து சொன்னால் திட்டாமல் கேளுங்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14446 (போதை மீட்பு உதவி எண்) இரண்டையும் பலகையில் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை: "மாமாவே சிகரெட் வாங்கிட்டு வரச் சொன்னா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெரியவரோடு பிள்ளை மல்லுக்கட்ட வேண்டாம். "கடையில சின்னப் பசங்களுக்குத் தர மாட்டாங்க மாமா" என்றால் போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.