வாய் திறக்காத பசங்களுக்கு இங்கிலீஷ்

ஒண்ணாவது ரெண்டாவது பசங்கள உடனே ஏ பி சி டி எழுத வைக்காதீங்க, முதல்ல காது பழகட்டும். நம்ம ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் நிறைய வீட்டுல தெலுங்கோ கன்னடமோதான் பேசுறாங்க, ஸ்கூல்ல தமிழ், அதுக்கு மேல இங்கிலீஷ்னா அந்தக் குழந்தைக்கு அது மூணாவது மொழி, அதனால கொஞ்ச நாள் வாயே திறக்கலன்னா மக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, கேட்டு உள்ள சேர்த்துட்டு இருக்கும்.

ஆரம்பத்துல செய்ய வைக்கிறதுதான் பெஸ்ட். 'ஸ்டாண்ட் அப்', 'டச் த டோர்', 'ஜம்ப்'னு சொல்லிக்கிட்டே நீங்களும் செஞ்சு காட்டுங்க, அவங்க பேசவே வேணாம், செஞ்சா போதும். அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஜேம்ஸ் ஆஷர் 1960கள்ல கொண்டுவந்த முறை இது, டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ்னு பேரு. பழகினதும் அவங்கள உங்களுக்கு ஆர்டர் போட சொல்லுங்க, டீச்சரையே குதிக்க வைக்கலாம்னா கூச்சப்படுற பொண்ணு கூட கத்தும் (பக்கத்து கிளாஸ்ல இருந்து எட்டிப் பாப்பாங்க, பாத்துட்டு போகட்டும்).

சார்ட்டுக்கு காசு செலவு பண்ணாதீங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது மாங்காய் கிடைக்கும், 'பிக் மேங்கோ, ஸ்மால் மேங்கோ', எண்ணுறதுக்கு புளியங்கொட்டை.

'ஹி கோ ஸ்கூல்'னு சொன்னா நிறுத்தி திட்டாம 'யெஸ், ஹி கோஸ் டு ஸ்கூல்'னு சாதாரணமா திருப்பி சொல்லிட்டு போயிடுங்க. விளையாட்டு ரூல்ஸ தமிழ்லயே சொல்லலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் இழுக்குறதுக்கு தினமும் பத்து நிமிஷம் எவ்வளவோ மேல்.